பிளாட்பாரத்துப் பெண்

வாயில் ஐந்து குண்டூசிகள் இருந்தன. இல்லையென்றால் அந்தக் கேள்வியை அவள் அப்போதே கேட்டிருப்பாள்.

அக்கா வீட்டு மாடி அறையில், ரயில் பெட்டியில் இருப்பதுபோல அடித்துவைத்த மேல் பெர்த்தில் மண்டிபோட்டு உட்கார்ந்து, திரையின் மடிப்புகளை ஒவ்வொன்றாகப் பிடித்து ஊசி குத்திக்கொண்டிருந்தாள். கீழே, எதிர்ச் சுவருக்கு முன்னால், ஏணியின் மூன்றாம் படியில் நின்று தூரிகை ஓட்டிக்கொண்டிருந்த பெயிண்டர் திரும்பிக்கூடப் பார்க்காமல் சொன்னார்.

"உங்கள மட்டுந்தாம்மா பாக்கி வச்சிருக்கேன். முகத்த போட்டோவ பாத்து போட்டுடலாம். அந்தக் கைதான் படுத்துது. போட்டோல நீங்க ஊசியில நூல் கோத்துக்கிட்டு இருக்கீங்க. டாட்டா காட்டற கை அப்படியா இருக்கும்?"

குனிந்து பார்த்தாள். ஞாயிறுதோறும் வந்து பார்த்த சுவர்தான். இடது பாதி ரயில் பெட்டியின் உள்பக்கம்: நீல நிற சீட், அதில் செய்தித்தாளை விரித்துப் படிக்கும் கரடி, கரடியின் தோளில் சாய்ந்து வாயைப் பிளந்து தூங்கும் வாத்து. வலது பாதி முழுக்கப் பெட்டியின் பெரிய ஜன்னல். போன வாரம்வரை அந்த ஜன்னலுக்கு வெளியே மலையும் மேகமும் வெறும் பென்சில் கோடாக இருந்தன. இப்போது அங்கே ஒரு பிளாட்பாரம் முளைத்திருந்தது. தூண், கடிகாரம், தண்ணீர்க் குழாய், பெஞ்சு. பெஞ்சுக்குப் பக்கத்தில் ஒரு பெண். முகம் இருக்க வேண்டிய இடத்தில் வெளிறிய வட்டம். வலது கை முழங்கையோடு நின்றுவிட்டது. ஆனால் கழுத்தில் மஞ்சள் இஞ்ச் டேப் தொங்கியது, இரண்டு முனையும் சமமில்லாமல், இடது பக்கம் சற்று இறங்கி.

அவள் கை தன் கழுத்துக்குப் போயிற்று. இடது பக்கம் சற்று இறங்கித்தான் இருந்தது.

ஊசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் திரையில் குத்தி முடித்தாள். பாதியில் விடுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. ஐந்தாவது ஊசி வாயை விட்டு வருவதற்குள் கேள்வியும் ஐந்தாகியிருந்தது.

இந்த அறையைப் பற்றிய பேச்சை முதலில் எடுத்தது அக்காதான். இரண்டு மாதத்துக்கு முன்னால் ஒரு மத்தியானம், கீழே கிளினிக்கில் கூட்டம் ஓய்ந்த நேரத்தில், கையுறையைக் கழற்றிக்கொண்டே பேச்சோடு பேச்சாகச் சொன்னாள். மாடி அறை சும்மாதானே பூட்டிக் கிடக்கிறது, லீவுக்கு வந்தால் பிள்ளைக்கென்று ஓர் இடம் வேண்டாமா, எந்த மாதிரி வேண்டும் என்று அவளையே கேள், செலவைப் பற்றி நீ வாயைத் திறக்காதே. அக்கா பல் டாக்டர். குழந்தைகளுக்குப் பல் பிடுங்குவதில் கெட்டிக்காரி என்று பெயரெடுத்தவள். "சும்மா பாக்கறேன் செல்லம், ஒண்ணும் பண்ணமாட்டேன்" என்று கதை பேசிக்கொண்டே ஈறை மரத்துப்போக வைப்பாள்; பிள்ளை பதில் சொல்லி முடிப்பதற்குள் பல் தட்டில் கிடக்கும். கப்பலில் வேலை பார்க்கும் அத்தான் வருடத்துக்கு இரண்டு முறை வருவார். வீட்டில் எந்த ஸ்விட்ச் எந்த விளக்குக்கு என்று பிடிபடுவதற்குள் திரும்பிப் போய்விடுவார். குழந்தை இல்லை. அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. கூடத்து நடுவில் கிடக்கும் ஒரு பெரிய பெட்டியைச் சுற்றி நடப்பதுபோல எல்லாரும் அதைச் சுற்றி நடந்து பழகியிருந்தார்கள்.

எந்த மாதிரி அறை என்று கேட்டபோது மகள் யோசிக்கவே இல்லை. ரயில் என்றாள்.

அதற்குக் காரணம் இருந்தது. அவளுடைய வீடு என்பது முன்னால் ஒரு தையல் கடை, பின்னால் ஓர் அறை. கடையில் மிதி மெஷின். மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் ஒரு சின்ன மெத்தை விரிக்கிற அகலம்தான் இடம். பிறந்ததிலிருந்து பிள்ளை தூங்குவது அங்கேதான். மெஷினின் பெல்ட் எப்போதோ அறுந்து, கம்பி போட்டு இணைத்தது. அந்த இணைப்பு சக்கரத்தைத் தாண்டும்போதெல்லாம் ஒரு சின்ன நொண்டல் விழும். தடதட தடக், தடதட தடக். மூன்று வயதில் ஒருநாள் பாதித் தூக்கத்தில் கேட்டாள், "அம்மா, ரயில் எப்ப நிக்கும்?" அன்றைக்கு அப்பா வைத்த பெயர் இஞ்சின். பள்ளிக்கூடப் பதிவேட்டில் வேறு பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால், ஒன்பது வயது இஞ்சின் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று பின்னால் திரும்பிப் பார்ப்பாள்.

அக்கா ஒவ்வொன்றாகக் கேட்டாள். இவள் ஒன்று விடாமல் சொன்னாள். படுத்தால் சுவர் இடது பக்கம் இருக்க வேண்டும். அலமாரிக் கதவில் இடுக்கு தெரிந்தால் தூங்க மாட்டாள். போர்வையை உதைப்பாள், ஓரத்தைச் சொருகிவிட வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே, சத்தம் இல்லையென்றால் தூக்கம் வராது. மெஷின் நின்றால் முழித்துக்கொண்டு கண்ணை உருட்டிக்கொண்டு கிடப்பாள். அக்கா அத்தனையையும் மருந்துச் சீட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டாள். பெற்றவளைப்போல இவ்வளவு அக்கறையாகக் கேட்கிறாளே என்று இவளுக்கு அன்றைக்கு நெஞ்சு நெகிழ்ந்துபோனது.

பிறகு ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு பஸ் மாறி வந்தாள். தச்சர் அடித்துக் கொடுத்த பெர்த்துக்கு நீல ரெக்சின் மெத்தை உறை, ஜன்னலுக்குச் சுருக்கம் வைத்த திரை, தண்ணீர் பாட்டில் வைக்கக் கம்பி வலை மாதிரியே பின்னிய ஒரு தொங்கு பை, டிக்கெட் வைத்துக்கொள்ள ஜிப் போட்ட உறை. தன் வீட்டில் ஒரு ஆணிக்குக்கூட இடமில்லாத ஆசைகளையெல்லாம் இங்கே வந்து அடித்து மாட்டினாள். வேலை இழுத்துக்கொண்டே போய், லீவே முடியப் போகிறது என்று அவள் வருத்தப்பட்டபோது அவள் வீட்டுக்காரர், "அடுத்த லீவு வராமலா போகும்" என்றார். இன்றைக்குச் சனிக்கிழமை. திங்கட்கிழமை பள்ளிக்கூடம் திறக்கிறது. சாயங்காலம் அவர் இஞ்சினைக் கூட்டிக்கொண்டு வருவார். இரண்டு ராத்திரி புது அறையில் தூங்கிவிட்டு, திங்கள் விடியற்காலையில் எல்லாரும் வீட்டுக்குப் போவது என்று ஏற்பாடு. அப்படித்தான் அவளுக்குச் சொல்லியிருந்தார்கள்.

ஏணிக்குப் பக்கத்தில் வந்து நின்று கேட்டாள். "என்னை அங்க வரையச் சொன்னது யாரு?"

பெயிண்டருக்கு இந்த வேலையில் தனிச் சந்தோஷம். வீடு வீடாகப் போய்க் குழந்தைகள் அறைகளில் முதலையும் ஒட்டகச்சிவிங்கியுமாக வரைந்து காலம் தள்ளுகிறவருக்கு, வெகு நாளைக்குப் பிறகு ஒரு மனுஷி கிடைத்திருந்தாள்.

"டாக்டரம்மாதான். ஆனா இந்த வாரம் முதல்ல உங்கள இந்தக் கரடிக்குப் பக்கத்து சீட்டுலதான் உக்கார வச்சிருந்தேன். பாப்பா அப்படித்தான் கேட்டுச்சு. அப்பா இஞ்சின் ஓட்டறாராம், அதனால தெரியமாட்டாராம். அம்மா எதிர் சீட்டாம். முடிச்சே முடிச்சிட்டேன், போங்க. அப்புறம் டாக்டரம்மா வந்து பாத்துட்டு, வெளிய பிளாட்பாரத்துல நிக்க வைங்கன்னாங்க."

கரடிக்குப் பக்கத்தில் சீட்டின் நீலம் ஓர் ஆள் அகலத்துக்கு வேறாக இருந்தது. ஒரே கடையில் வாங்கினாலும் இரண்டு தானில், வேறுவேறு சுருளில், வெட்டிய துணி அப்படித்தான் காட்டிக்கொடுக்கும். வந்ததிலிருந்து அந்த இடம் அவள் கண்ணை உறுத்திக்கொண்டிருந்தது. காயாத பெயிண்ட் என்று நினைத்திருந்தாள்.

"ஏன்னு சொன்னாங்களா?"

"தலகாணில தல வச்சா நேரா தெரியற எடம் அதுதானம்மா? தெனமும் உங்க முகத்த பாத்துக்கிட்டே தூங்கினா பாப்பாவுக்கு ஏக்கம் வராதுன்னாங்க. நல்ல யோசனதான். புது எடம், புது ஸ்கூலு, எல்லாம் பழகறவரைக்கும் கஷ்டமாத்தான இருக்கும்."

"லீவுக்குத்தான் வரப் போறா" என்றாள் அவள். தன் குரல் யாருக்கோ சமாதானம் சொல்வதுபோல் இருந்தது.

பெயிண்டர் முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தார். அடுத்தவர் வீட்டுக்குள்ளேயே வேலை பார்த்து நரைத்த மனிதர். எந்தச் சுவருக்குள் எந்தக் குழாய் ஓடுகிறது என்று தெரியாமல் ஆணி அடித்துவிட்டவரின் முகம் அவருக்கு வந்தது. தூரிகையை டப்பாவில் போட்டார். கை கழுவிட்டு வரேம்மா என்று முனகி, ஏணியைக்கூட மடக்காமல் கீழே இறங்கிப் போனார்.

அறையில் அவளும் கரடியும் வாத்தும் தனியாக நின்றார்கள்.

அலமாரிக் கதவில் குறுக்கே பெயிண்டர் டேப் ஒட்டியிருந்தது. தூசி உள்ளே போகக் கூடாது, திறக்காதே என்று அக்கா இரண்டு வாரமாகச் சொல்லி வந்தாள். டேப்பை நகத்தால் நெம்பி உரித்தாள். துணி கிழிகிற சத்தத்தோடு வந்தது.

உள்ளே மூன்று ஜோடிச் சீருடைகள் ஹாங்கரில் தொங்கின. சாம்பல் பாவாடை, வெள்ளைச் சட்டை, பையில் தைத்த சின்னம் அக்கா வீட்டுத் தெருமுனையில் இருக்கும் பெரிய பள்ளிக்கூடத்துடையது. யாருடைய சீருடையோ என்று மனசு ஒரு விநாடி முரண்டு பிடித்தது. அவள் கழுத்து டேப்பை உருவிப் பாவாடையின்மேல் வைத்தாள். இருபத்திரண்டு அங்குலம்.

இஞ்சினுக்கு இடுப்பிலிருந்து முட்டிவரை பதினெட்டு. போன மாதம் அக்கா, நைட்டி எடுக்கப் போகிறேன், அளவு எழுதி அனுப்பு என்று கேட்டபோது இவள் எழுதிக் கொடுத்தது இருபது. வளருகிற பிள்ளைக்கு இரண்டு அங்குலம் கூட்டியே எழுதுவது இவள் கைப்பழக்கம். எழுதுகிறபோதே கூட்டிவிடுவாள், யாரிடமும் சொல்ல மாட்டாள். அந்தச் சீட்டைப் பார்த்துத் தைத்த எவரோ ஒரு நல்ல தையல்காரர், வளருகிற பிள்ளையாயிற்றே என்று தன் பங்குக்கு இரண்டு அங்குலம் விட்டிருக்கிறார். உலகத்தில் வேறெந்தப் பிள்ளைக்கும் அந்த நீளம் வராது. பாவாடை கணுக்காலைத் தேடிக்கொண்டு தொங்கியது. நைட்டிக்கு எதற்கு இடுப்பளவும் முட்டிவரை நீளமும் என்று அன்றைக்கே தோன்றியிருக்க வேண்டும். தோன்றியது. அக்காவுக்குத் துணியைப் பற்றி என்ன தெரியும் என்று சிரித்துக்கொண்டே எழுதினாள்.

அதுவரைக்கும் கோபம் அக்காமேல் மட்டும்தான் இருந்தது. தாங்கக்கூடிய கோபம். அக்கா எப்போதுமே கேட்காமல் எடுக்கிறவள். சின்ன வயதில் இவளுடைய ரிப்பனை, பென்சிலை, ஜன்னலோரப் படுக்கையை எடுத்தவள். இதையும் எடுக்கப் பார்க்கிறாள், கொடுக்காவிட்டால் முடிந்தது. சாயங்காலம் வீட்டுக்காரர் வந்ததும் பிள்ளையைக் கையோடு கூட்டிக்கொண்டு கிளம்பிவிட வேண்டியதுதான். மீதி ஊசிகளை எடுத்துக்கொள்ள மறுபடி மேல் பெர்த்துக்கு ஏறினாள்.

தலையணை வைக்கிற பக்கம், பலகைக்கு அடியில், உள்ளங்கை அளவு கறுப்பு டப்பா ஒன்று திருகியிருந்தது. பொத்தானுக்கு மேலே ஒரு காகிதம். இஞ்சினின் குண்டு குண்டான எழுத்து: ரயில் சத்தம்.

அழுத்தினாள்.

தடதட தடக். தடதட தடக்.

ரயில்தான் என்று ஒரு மூச்சு நேரம் நினைத்தாள். பிறகு அந்த நொண்டல் காதில் விழுந்தது. பத்து வருடமாகக் காலால் மிதித்த நொண்டல். பெற்ற பிள்ளையின் இருமலைப்போலக் கூட்டத்தில் அடையாளம் தெரிகிற சத்தம். நடுவில் நூல் அறுந்தது, சக்கரம் நின்றது, தன் வாய் 'ச்சு' கொட்டியது. மறுபடி ஓடியது. அப்புறம் அவளுடைய குரல், களைப்பும் கொஞ்சலுமாக, யாரும் கேட்கவில்லை என்று நினைக்கிறபோது மட்டும் வருகிற குரல்: "கண்ண மூடு இஞ்சின். இன்னும் ரெண்டு தையல்தான்."

பெர்த்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

அவள் வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். எந்த மெஷினில் கோளாறு என்றாலும் முதலில் போனை நீட்டிச் சத்தத்தைப் பதிவு செய்துகொள்வார். வீட்டுக்கு வந்து காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பேரிங்கா, கயிறா, பிரேக்கா என்று சொல்லிவிடுவார். அவர் போனில் பாட்டு ஒன்றுகூட இருக்காது, நாற்பது லிஃப்ட்டுகள் முனகும். போன மாதம் ஒருநாள் அந்தப் போனை அவளுடைய மெஷின் பலகைமேல் வைத்தார். பெல்ட்டில் ஏதோ சத்தம் வருகிறது, ஓடவிடு, கேட்டுப் பார்க்கிறேன் என்றார். அரைமணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார். கல்யாணம் ஆன புதிதில்கூட அவ்வளவு நேரம் அவள் தைப்பதைப் பார்த்ததில்லை. மறுநாள் இரண்டு சொட்டு எண்ணெய் விட்டுவிட்டுச் சரியாகிவிட்டது என்றார். அன்றைக்குப் பூராவும் அவள் உற்சாகமாக இருந்தாள்; பக்கத்துக் கடைக்காரியிடம் சொல்லிச் சிரிக்கக்கூடச் செய்தாள்.

முகம் சுவரில். குரல் டப்பாவில். அளவு அலமாரியில். பிள்ளையை இங்கே வைத்துக்கொள்ள அவளிடமிருந்து என்னென்ன வேண்டுமோ அத்தனையையும் அவளிடமே கேட்டு, அவள் கையாலேயே தைத்து வாங்கியாயிற்று. இனிமேல் அவள் மட்டும்தான் தேவையில்லை.

அக்கா டீத் தட்டோடு மாடியேறி வந்தபோது டப்பா ஓடிக்கொண்டிருந்தது. திறந்த அலமாரியையும் தரையில் சுருண்டு கிடந்த டேப்பையும் பார்த்தாள். தட்டைச் சீட்டின்மேல் வைத்தாள். அவள் முகத்தில் பதற்றம் இல்லை. எக்ஸ்ரேயை விளக்கில் தூக்கிப் பார்க்கிறபோது இருக்கிற அமைதி.

"நீயே பாத்துட்டியா. சாயங்காலம் மூணு பேருமா உக்காந்து உன்கிட்ட சொல்லலாம்னு இருந்தோம்."

"மூணு பேருன்னா யாரு யாரு?"

அதற்கு அக்கா பதில் சொல்லவில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் சொன்னாள். அந்தப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைப்பது குதிரைக்கொம்பு. அங்கே பெரிய டீச்சர் தன்னிடம் பல் கட்டிக்கொண்டவர் என்பதால் கிடைத்தது. அப்பா கையெழுத்து ஒன்றே போதும் என்றார்கள், அவர் வந்து போட்டார். பிள்ளை கணக்கில் புலி, அந்தச் சின்ன ஸ்கூலில் வைத்து அவளை வீணடிக்கலாமா. இவள் எப்போது வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம், தங்கலாம், இது யாரோ வீடா. முதலில் இந்த இரண்டு நாள், பிறகு ஒரு வாரம், பிறகு பிள்ளையே இங்கே இருக்கிறேன் என்று சொல்லுவாள், அப்போது இவளுக்கும் வலிக்காது. அந்தச் சொல்லைத்தான் சொன்னாள். வலிக்காது.

"எனக்காக நீ படிப்ப விட்டுட்டு மெஷின்ல உக்காந்தவ. உன் பொண்ணும் அந்த மெஷின் சந்துலயே கெடக்கணுமா?"

"அப்ப நானா குடுத்தேன்க்கா. இப்ப நீயா எடுத்துக்கிட்ட."

"கேட்டிருந்தா குடுத்திருப்பியாடி?"

  கேட்டிருந்தால் அவள் அழுதிருப்பாள். சண்டை போட்டிருப்பாள். பத்து நாள் யாரிடமும் பேசாமல் மெஷினை உடைக்கிற வேகத்தில் மிதித்திருப்பாள். பதினோராம் நாள், ஒருவேளை, அவளே பிள்ளையின் பெட்டியை அடுக்கியிருப்பாள். போர்வை ஓரத்தை எப்படிச் சொருக வேண்டும் என்று அவளே அக்காவுக்குச் செய்து காட்டியிருப்பாள். அந்த ஒருவேளை அவளுடையது. அதைத்தான் முதலில் தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள்.

அக்கா மௌனத்தைச் சம்மதமாக எடுத்துக்கொண்டாள். குரல் இளகியது. ஹாங்கரிலிருந்து ஒரு பாவாடையை எடுத்து நீட்டினாள். "இது மட்டும் எப்படியோ நீளமா போச்சு. திங்கக்கிழமைக்குள்ள வேற யாருகிட்ட குடுக்கறது? நீ மடிச்சு அடிச்சா அரமணி வேல."

வாங்கிக்கொண்டாள். துணியை நீட்டினால் அவள் கை தானாக வாங்கிவிடும்.

வாசலில் வண்டிச் சத்தம் கேட்டது. அதைவிட வேகமாகப் படிக்கட்டில் இஞ்சின் வந்தாள். அறை வாசலில் நின்று, அலமாரியை, பாவாடையை, ஓடுகிற டப்பாவை, அம்மாவை வரிசையாகப் பார்த்தாள். மூச்சு வாங்கியது. முகம் விளக்குப் போட்டதுபோல் ஆயிற்று.

"தெரிஞ்சிடுச்சாம்மா உனக்கு? நான் சொல்லவே இல்ல, தெரியுமா. இருவத்தி மூணு நாளு. ஸ்கூல பாத்துட்டு வந்த அன்னிக்கு ராத்திரி வாயில கைய வச்சு அமுக்கிக்கிட்டேன். சொன்னா நீ அழுவன்னு அப்பா சொன்னாரு."

இருபத்து மூன்று நாள். அந்த இருபத்து மூன்று ராத்திரியும் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில், அவள் காலுக்கு ஒரு முழம் தள்ளி, இந்த வாய் மூடிக்கொண்டு படுத்திருக்கிறது. அக்கா சொன்ன மூன்றாவது ஆள் யாரென்று இப்போது தெரிந்துவிட்டது.

இஞ்சின் கிட்டே வந்து, பல் பார்க்கிற பெரியம்மாவைப்போலவே தலையைச் சாய்த்து அம்மாவின் கண்ணை உற்றுப் பார்த்தாள். பிறகு படிக்கட்டுப் பக்கம் திரும்பி அறிவித்தாள். "அப்பா, அம்மா அழல."

அப்பா கடைசிப் படியில் நின்றிருந்தார். ஒரு தோளில் பிள்ளையின் துணிப்பை. கக்கத்தில் அவளுடைய பழைய தலையணை, உறைமேல் இவள் தைத்த மஞ்சள் பூவோடு. வாசல்படியைத் தாண்டி உள்ளே வரவில்லை. லிஃப்ட் வரட்டும் என்று நிற்கிறவர்போல நின்றார்.

"பெல்ட் சத்தம் சரியாப் போச்சாங்க?" என்று அவள் கேட்டாள்.

அவர் தலையணையைப் பார்த்தார். அதன் ஓரத்தில் பிரிந்திருந்த ஒரு நூலை விரலில் சுற்றினார். சுற்றினார். "சத்தம் இல்லன்னா அவ தூங்கமாட்டான்னு நீதான சொன்ன" என்றார் கடைசியில். நியாயம் கேட்கிறவர் குரல் இல்லை. பிடிபட்டவர் குரலும் இல்லை. கோளாறு எதில் என்று தெரிந்தும் கையில் சரியான ஸ்பேனர் இல்லாதவர் குரல்.

இவ்வளவு நேரம் அவள் மனசு கட்டிவைத்திருந்த வாக்கியம் ஒன்று இருந்தது. வா இஞ்சின், வீட்டுக்குப் போலாம். நான்கே சொல். பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்தக் கை இப்போது பாவாடையைப் பிடுங்கிக்கொண்டிருந்தது. போட்டுக் காட்டறேன், போட்டுக் காட்டறேன் என்று கவுனுக்கு மேலேயே ஏற்றி, இடுப்புக் கொக்கியை மாட்டி, ஒரு சுற்றுச் சுற்றி, நீளம் தடுக்கியதுபோல வேண்டுமென்றே தாத்தா மாதிரி தள்ளாடினாள். அக்கா சிரித்தாள். படியில் நின்றவர்கூடச் சிரிக்கப் பார்த்தார். கை கழுவப் போன பெயிண்டர் திரும்பி வந்து, வீட்டில் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று தெரியாமல், சிரிப்புச் சத்தத்தை நம்பி உள்ளே வந்து ஏணியில் ஏறிக்கொண்டார்.

அவள் மண்டியிட்டாள். கழுத்து டேப் தரையில் இழுபட்டது. ஊசிப் பெட்டியைத் திறந்து ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து என்று எடுத்து உதட்டில் வைத்துக்கொண்டாள். வாயில் ஊசி இருக்கிறவளிடம் யாரும் பதில் எதிர்பார்க்க மாட்டார்கள். பாவாடையின் விளிம்பைப் பிடித்து உள்ளே மடித்தாள். இரண்டு அங்குலம், அந்த முகம் தெரியாத தையல்காரருடையது. இன்னொரு இரண்டு அங்குலம், அவளுடையது. மடித்த இடத்தை விரலால் அழுத்திக்கொண்டு அப்படியே இருந்தாள். ஊசி குத்தவில்லை.

"இரும்மா, எப்படி வேல செய்யுதுன்னு காட்டறேன்." இஞ்சின் நழுவினாள். மடிப்பு அவிழ்ந்தது. நீளப் பாவாடையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பெர்த்தின் கம்பிப் படியில் தொற்றி மேலே ஏறினாள். அப்பா வாசலிலிருந்தே எட்டிக் கொடுத்த தலையணையை வாங்கி, இடது பக்கம் சுவரைப் பார்த்துச் சரியாகப் போட்டுக்கொண்டாள். பாவாடையின் விளிம்பு பெர்த்துக்கு வெளியே தொங்கியது. கீழே எழுந்து நின்ற அவள் கைக்கு அது எட்டியது. பிடித்துக்கொண்டாள்.

ஜன்னலில் வெயில் இன்னும் இருந்தது. டப்பா ஓடியது. தடதட தடக். தூங்குகிற நேரம் இல்லை. ஆனால் ஒன்பது வருடத்துப் பழக்கம் நேரம் பார்க்காது. பிள்ளையின் இமை இரண்டு முறை விழுந்து எழுந்தது.

பெயிண்டர் தூரிகையில் தோலின் நிறத்தைத் தொட்டுக்கொண்டு திரும்பினார். "வசதியா போச்சும்மா, அப்படியே நில்லுங்க. அந்தக் கைய மட்டும் கொஞ்சம் தூக்கிக் காட்டினீங்கன்னா முடிச்சிடுவேன்."

அந்தக் கையில்தான் பாவாடையின் விளிம்பு இருந்தது.

அக்கா அவளைப் பார்த்தாள். வாசலில் நின்றவர் அவளைப் பார்த்தார். சுவரில் முகமில்லாதவள் முழங்கையோடு காத்திருந்தாள். டப்பாவில் நூல் அறுந்தது, சக்கரம் நின்றது, வாய் 'ச்சு' கொட்டியது.

"கண்ண மூடு இஞ்சின்" என்றது அவள் குரல். "இன்னும் ரெண்டு தையல்தான்."

"சரிம்மா" என்றாள் மகள், டப்பாவின் பக்கம் திரும்பிப் படுத்து.

கீழே, ஐந்து ஊசிகளைப் பல்லுக்கிடையில் கடித்துக்கொண்டு, அவள் விளிம்பை விடாமல் நின்றாள்.